மாதா படத்துக்குப் பின்னால்

என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி திண்டிவனத்தில் பேர் வாங்கிய எலெக்ட்ரீஷியன். கல்யாண மண்டபமோ, கோயில் திருவிழாவோ, புது வீட்டு வயரிங்கோ, முதலில் அவருக்குத்தான் போன் வரும். அப்படி ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிற மனுஷன், சொந்த வீட்டில் மட்டும் இரண்டு ஒயரை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி, "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார். அந்த இப்போதைக்கு வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் காலிங் பெல் பட்டன் சுவரில் இருக்காது, ஒயரில் தொங்கும். அதைக் கையில் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்து அமுக்கினால்தான் அடிக்கும். போஸ்ட்மேனுக்குக்கூட அந்தச் சூட்சுமம் தெரியும்.

நான் சண்டை போடாத நாளில்லை.

"இன்னாங்க, ஃப்ரிட்ஜத் தொட்டா சுர்ருங்குது" என்பேன்.

"ரெண்டு நாள்ல அதுவே சரியாயிடும் அம்சா" என்பார், செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது சரியாகிவிடும். ஃபேன் விட்டுவிட்டு ஓடியது, தானாகச் சரியானது. பாத்ரூம் லைட் கண்ணடித்துக்கொண்டே இருந்தது, ஒரு வாரத்தில் ஒழுங்காக எரிந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஃபேன் ஓடுகிறதே, என்ன பேச முடியும்?

எங்கள் ஒரே மகள் மலர்விழி, ஊருக்கு வெளியே காருக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒயர் நுனியைச் சீவி டெர்மினலில் அழுத்துவது, ஜாயிண்டுக்கு ஈயம் வைப்பது எல்லாம் அவள் வேலை. அங்கே ஒவ்வொரு ஜாயிண்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆளுக்குத் தர வேண்டுமாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தலையில் பூ வைத்துவிட்டால் இழுத்துப் பார்ப்பாள். கொடியில் துணிக்குக் கிளிப் போட்டால் இழுத்துப் பார்ப்பாள். என் தாலிச் சங்கிலியின் கொக்கியைக்கூட ஒரு நாள் இழுத்துப் பார்த்து என்னிடம் அடி வாங்கினாள்.

அவளும் தென்னரசு என்ற பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். விழுப்புரத்துப் பையன், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், எங்களைப் போலவே கத்தோலிக்கன்தான். அவன் அம்மாவுக்குச் சம்மதம். எங்களுக்கும் சம்மதம். பாக்கி அவன் அப்பா தேவசகாயம் மட்டும். "வந்து வூட்டப் பாத்துட்டு சொல்றேன்" என்றாராம்.

"அவுரு ஈபில லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரும்மா" என்றாள் மலர். "யார் வூட்டுக்குப் போனாலும் மொதல்ல ஒயரத்தான் பாப்பாராம். பெரிய பையனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல மீட்டர் பெட்டி வாயப் பொளந்துகினு இருந்துச்சாம். 'ஒயர வுட்டு வெச்சிருக்கறவன் பொண்ண எப்பிடி வளத்திருப்பான்'னு காபியக்கூடக் குடிக்காம எழுந்து வந்துட்டாராம்."

எனக்கு ஒயரில் தொங்கும் எங்கள் காலிங் பெல்தான் ஞாபகம் வந்தது.

அவர்கள் வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையிலிருந்து இவரைப் பிடித்து உலுக்கினேன். "இன்னைக்கு பூரா நம்ம வூட்டு வேலதான்" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். அதற்குள் ஒரு மண்டபத்திலிருந்து போன். "ஜல்தியா முடிச்சுட்டு வந்துடறேன்" என்று போனவர், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

மறுநாள் காலையில் டேப்பும் கையுமாக அறை அறையாக ஓடினார். கடைசியில் ஹால் சுவரில் இருந்த ஓட்டைக்கு எதிரே நின்றார். சோற்றுத் தட்டு அகலம் இருக்கும் அது. ஹாலுக்கு வருகிற எல்லா ஒயரும் அங்கேதான் கூடும். மேலே உருண்டை உருண்டையாகக் கறுப்பு டேப். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மூலையில் இருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைக் கழற்றி வந்து, ஓட்டைக்கு மேலே ஓர் ஆணி அடித்து மாட்டினார்.

நான் தடுத்திருக்க வேண்டும். "மாதாவே, மன்னிச்சுக்கோ" என்று ஒரு முழம் மல்லியை எடுத்துப் படத்துக்குச் சாத்தினேன். மலர் வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பயத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலிங் பெல்லை யாரும் தொடக் கூடாதென்று இவர் கேட்டிலேயே நின்று வரவேற்றார். தென்னரசு நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அவன் அம்மா கலகலவென்று பேசினார். தேவசகாயம் ஒல்லியான மனுஷர். உட்கார்ந்ததும் அவர் கண் மீட்டரிலிருந்து புறப்பட்டு, சுவர் ஓரமாகவே ஊர்ந்து, ஃபேன் வரைக்கும் போய் வந்தது. வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டையும் காபியும் வைத்தேன். உருண்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டார். காபியைத் தொடவில்லை. அந்த டம்ளரைத் தவிர வேறெதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு பேசுவோமா?" என்று எழுந்தார்.

எழுந்தவர் நேரே மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணை மூடி ஜெபித்தார். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தவருக்குப் படம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்திருக்கிறது. பக்தியோடு அதை நிமிர்த்தினார். அவசரத்தில் அடித்த ஆணி, காரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. படம் அவர் கையில். ஓட்டை எங்கள் எல்லோரையும் பார்த்தது.

தேவசகாயம் படத்தைத் துடைத்து நாற்காலியில் பத்திரமாக வைத்தார்.

"மெயின ஆஃப் பண்ணுங்க" என்றார்.

இவர் போய் ஆஃப் செய்தார். ஃபேன் நின்றது. தேவசகாயம் நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பிச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கல்யாணம் அங்கேயே பிரிந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. கடைசிச் சுற்றும் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே முறுக்கிய செம்புக் கம்பியைக் காணோம். ஒவ்வொரு ஜாயிண்டும் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஈயம் பளபளவென்று தெரிந்தது. ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் படிக்கட்டு வைத்த மாதிரி இறங்கியிருந்தன. தேவசகாயம் ஒரு ஜாயிண்டின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

"யாரு வேலங்க இது?"

நான்தான் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று இவரைப் பார்த்தேன். இவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"இது என் வேல இல்லீங்க" என்றார். "மேல சுத்துன டேப்பு மாதிரிதான் நான் சுத்துவேன். உள்ள இருக்கறது நான் இல்ல."

"நான்தாம்பா" என்றாள் மலர், சமையலறை வாசலிலிருந்து. "போன மழையில ஃபேன் வுட்டு வுட்டு ஓடுச்சே, அப்போ. நீ மயிலம் கோயில் சஷ்டிக்கு லைட்டு கட்டப் போயிருந்த. எனக்கு ஷிஃப்ட் லீவு."

"ஃப்ரிட்ஜு?"

"அதுவும்."

"பாத்ரூம் லைட்டு?"

"அதுவும்தாம்பா."

"அப்புறம் எதுக்கு என்ன மாதிரியே மேல டேப்ப சுத்தி வெச்ச?"

அவள் முந்தானையைத் திருகினாள். "அதுவே சரியாயிடுச்சுன்னு சொல்றப்ப உன் மூஞ்சி அவ்ளோ சந்தோசமா இருக்கும்பா. அதான்."

இத்தனை நாளும் என்னைச் சண்டையில் தோற்கடித்தது இந்தக் கழுதைதானா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கண்ணீரும் வந்துவிட்டது. இவர் ஓட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்.

தேவசகாயம் வந்து உட்கார்ந்தார். காபி டம்ளரை எடுத்தார்.

"ஆறிப்போச்சுங்கண்ணா, வேற போட்டாறேன்" என்றேன்.

"இதே போதும்மா." ஏடு படிந்த காபியை அடிவரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "எங்களுக்குச் சம்மதங்க."

அவர் சம்சாரம் சட்டென்று மலரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்ததும் மொதல்ல எங்க கிச்சன் ஸ்விட்சப் பாரு கண்ணு. ஊரு வூட்டு ஒயரெல்லாம் பாப்பாரு இவுரு. அதத் தொட்டா எனக்கு இன்னும் ஷாக்கு அடிச்சுக்கினு கெடக்குது. கேட்டா, இப்போதைக்கு இருக்கட்டும்பாரு."

தேவசகாயம் அவசரமாக இன்னொரு மல்லாட்டை உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நானும் சம்பந்தியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச ஒரு வண்டி விஷயம் இருந்தது.

சாயங்காலம் அவர்கள் விழுப்புரம் பஸ் ஏறிப் போனதும் இவரைக் காணவில்லை. தேடினால், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலிங் பெல் ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் வேர்வை. பக்கத்திலேயே மகள் வேலைச் சாமான் வைக்கும் டப்பாவிலிருந்து எடுத்த அதே பிளாஸ்டிக் குழாய். போன் அடித்தது. எடுக்கவில்லை.

முடித்துவிட்டு மலரைக் கூப்பிட்டார். அவள் குனிந்து, இரண்டு விரலால் ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"நல்லாருக்குப்பா."

"அப்பிடி இழுக்காதடி" என்றார் இவர். "கம்பெனில இழுக்கற மாதிரி இழு."

மலர் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒயரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

ஜாயிண்ட் அசையவில்லை.