இருபத்தெட்டு மீட்டர்

சுரங்கத்தில் எனக்கு இரண்டு வேலை. நிலக்கரி எடுத்து முடித்த மண்மேட்டில் நட்ட தைலமரக் கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது ஒன்று. சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளில், தண்ணீர் பட்டதும் கத்தும் அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளப்பது மற்றொன்று. கன்றும் பேசாது, கிணறும் பேசாது. நாள்கணக்கில் என் குரலையே நான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

பள்ளத்தாக்கில் பதினொரு குடும்பங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு விற்றுவிட்டுப் போனபின் மிஞ்சியவர் க்ளெம் ஹாலரன் ஒருவர்தான். அறுபது வயது, நாற்பது மாடு, ஒரு நாய், ஓயாத வாய். எங்கள் பக்கம் சொல்லாமல் ஒருவர் வேலிக் கதவைத் திறப்பது மரியாதையில்லை. அதனால் மாதம் ஒரு திங்கட்கிழமை போன் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை போவேன். அளந்தால் எப்போதும் இருபத்தெட்டு மீட்டர். பிறகு டீ, பழக் கேக்.

“மேட்டுல மரம் வளக்குறீங்க. கீழ மனுசன் ஒருத்தனையும் விட்டு வைக்கல. இரு, உன் கன்னுங்களத் தின்ன ஒரு கங்காருவ அனுப்பி வைக்கிறேன்,” என்பார்.

“அனுப்புங்க. அதுவாவது எனக்குப் பேச்சுத் துணையா இருக்கும்.”

அந்த டீக்காகத்தான் மாதத்தைத் தள்ளினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை கன்று எண்ணும் வேலை சீக்கிரம் முடிந்தது. அந்த மாதம் இன்னும் போன் செய்திருக்கவில்லை. மேட்டில் சிக்னலும் இல்லை. ஒரு தடவைதானே என்று சொல்லாமலே போனேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நாடா நாற்பத்தொன்றில்தான் தண்ணீரைத் தொட்டுக் கத்தியது. விதிப்படி பம்பை நிறுத்தச் சொல்லி இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நாற்பது.

“என்ன க்ளெம் இது?”

“நீ போன் பண்ணதும் பம்ப நிறுத்திடுவேன். நாலு நாளு டவுன்லருந்து லாரில தண்ணி கொண்டாந்து மாட்டுக்கு ஊத்துவேன். முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல ஏறின கிணறு, இப்ப அதுக்குள்ளதான் ஏறுது.”

“எதுக்கு இந்தப் பாடு?”

“பாதி நிலம் தங்கச்சி பேர்ல. கிணறு போனா வித்துடலாம்னு பிரிஸ்பேன்ல உக்காந்து காத்துட்டிருக்கா.” நாயின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார்: “எழுதித்தான் ஆகணுமா, மோரா?”

முப்பத்தைந்தைத் தாண்டினால் கிணற்றைக் கெடுத்தது சுரங்கம்தான் என்று ஆகிவிடும். சுரங்கம் நல்ல விலை கொடுத்து நிலத்தை வாங்கியாக வேண்டும், தங்கையும் விற்கச் சொல்வாள். சொல்லிவிட்டுப் போகும் என் மரியாதையும் அவர் பிடிவாதமும் சேர்ந்து இத்தனை நாள் சுரங்கத்தை உத்தமனாக்கி வைத்திருந்தன. எழுதாமல் விட்டால் எனக்கு டீ மிஞ்சும். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நினைத்தபோதுதான் பயம் வந்தது.

“எழுதணும், க்ளெம். தண்ணியக் குடிச்சது சுரங்கம். அத நீங்க மூடி மறைக்காதீங்க.”

உள்ளே போய்க் கேக்கை வெட்டிக்கொண்டு வந்தார்.

“சரி. கேக்கத் தின்னுட்டு எழுது.”

தின்றேன். நாற்பது என்று எழுதினேன்.

ஜூலையில் நிலம் சுரங்கத்துக்குப் போனது, மாடுகள் ஏலத்துக்குப் போயின. மறுவாரம் அவரும் நாயும் போனார்கள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, பழக்கதோஷத்தில் அவர் வீட்டு எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை போனேன். வேலிக் கதவு திறந்தே கிடந்தது. நாடாவை இறக்கினேன்.

இருபத்தெட்டு மீட்டர். இந்த முறை நிஜமாகவே இருபத்தெட்டு, இறைக்கத்தான் ஆளில்லை. எழுதிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.