எலுமிச்சை வடிவ வித்துகள்

அந்தப் பூஞ்சைக்கு அப்படி என்ன வீம்போ, காய்க்கவே மாட்டேன் என்றது. சத்துக்கூழ் ஊற்றிய தட்டு முழுக்க வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து கிடந்ததே தவிர, பெயர் சொல்ல ஓர் அடையாளம் காட்டவில்லை. மைக்ரோஸ்கோப்பில் எத்தனை முறை வைத்துப் பார்த்தாலும் குறுக்குச் சுவர் போட்ட வெறும் இழைகள். உலகத்துப் பூஞ்சைகளில் பாதி இந்த லட்சணத்தில்தான் இருக்கும். கிறிஸ்டினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தேர்வாய் கண்டிகையில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தயாரிக்கிற கம்பெனி அது. அவள் அங்கே மைக்ரோபயாலஜிஸ்ட். மருந்து நிரப்பும் அறையின் காற்றைச் சோதிக்கத் திறந்து வைக்கிற தட்டில் இது முளைத்திருந்தது. தட்டில் பூஞ்சை என்றால் அன்றைய மருந்து மொத்தமும் குப்பை. அதற்கு யார் தலையாவது உருள வேண்டும். குவாலிட்டி மேனேஜர் சந்திரமோகன் ரொம்ப யோசிக்கவில்லை, அறையைத் துடைக்கிற செண்பகத்தின் தலையை உருட்டினார். ஈர உடுப்போடு உள்ளே போயிருப்பாள் என்றார். மேனேஜர்களுக்கு இந்த ஒரு வேலை மட்டும் மைக்ரோஸ்கோப் இல்லாமலே வந்துவிடுகிறது.

செண்பகம் காண்டிராக்ட் ஆள், புருஷன் இல்லாதவள். கெட்ட பேரோடு வெளியே போனால் சிப்காட்டில் வேறு எந்த கேட்டும் அவளுக்குத் திறக்காது. கிறிஸ்டினாவுக்கு எதிர் வீடு. அம்மா செத்த வருஷம் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது இந்த அத்தைதான். விசாரணை முடிகிறவரை வராதே என்று கம்பெனி சொன்ன பிறகும் செண்பகம் தினமும் பஸ் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"நான் ஈரத்தோட போகலடி கிறிஸ்டி. அந்தக் கருமத்துக்குப் பேரு இன்னான்னு சீக்கிரம் கண்டுபுடி" என்றாள்.

பேர் தெரிந்தால் வந்த இடம் தெரியும். கிறிஸ்டினாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். சத்தான தட்டில் தின்று கொழுத்துச் சும்மா கிடக்கிற சில பூஞ்சைகள், வெறும் காகிதத்தில் பட்டினி போட்டால் காய்க்கும். வடிதாளை நறுக்கி நனைத்து, அதன்மேல் கொஞ்சம் எடுத்து வைத்தாள். விசாரணை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபத்தை எப்போதோ விட்டவள், ஒரு பூஞ்சைக்காக முழங்கால் போட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் காகிதத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கடுகை விடச் சின்னவை. ஒன்றைக் கிள்ளிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். குடம் மாதிரி ஒரு குட்டிக் காய், தலை நிறையச் சுருட்டை முடி. மெல்ல அழுத்தியதும் பழுப்பு வித்துகள் கொட்டின. ஒவ்வொன்றும் இரண்டு முனையும் கூம்பிய எலுமிச்சம்பழம். அவற்றைச் சுமந்த பைகள் ஏற்கெனவே கரைந்து போயிருந்தன. சந்தேகமே இல்லை, கீட்டோமியம். நனைந்த காகிதத்தையும் அட்டையையும் தின்று வாழ்கிற ஜாதி. செண்பகம் போடுகிற பாலியஸ்டர் உடுப்பில் அதற்குச் சாப்பாடே கிடையாது.

கிறிஸ்டினா வாய்விட்டுச் சிரித்தாள். கூரை எங்கோ ஒழுகுகிறது, அந்த இடத்தைக் காட்டினால் அத்தை பிழைத்தாள். செலோடேப்பால் இடம் இடமாக ஒட்டி எடுத்துப் பார்த்தாள். மருந்து அறை முழுக்க இரும்பும் கண்ணாடியும்தான், ஒன்றும் சிக்கவில்லை. சோர்ந்துபோய் லேபுக்குத் திரும்பி, புதுத் தட்டு எடுக்க ஏசிக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டாள். கை ஈரமாக வந்தது.

ஏசித் தண்ணீர் சொட்டிப் பெட்டியின் அடி ஊறிக் கறுத்துக் கிடந்தது. டேப்பில் அதே சுருட்டை முடி, அதே எலுமிச்சம்பழங்கள். அடியில் இருந்த, இன்னும் யாரும் திறக்காத தட்டுகளின் விளிம்பிலும் அதே வெள்ளைப் பஞ்சு. பூஞ்சை மருந்து அறையில் இருக்கவே இல்லை. தட்டோடு தட்டாக இவளே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அலமாரியில் இடமில்லை என்று பெட்டியை அங்கே வைத்தது இவள்தான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தட்டைத் திறக்காமலே வைத்து ஒப்பிட வேண்டும். தட்டு பற்றாது என்று அதை விட்டதும் இவள்தான். பெட்டியையும் தட்டுகளையும் அப்படியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் சந்திரமோகன் எல்லாவற்றையும் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"லேப் பெருக்குறதும் அந்தம்மாதானே. பெட்டிய அவங்க நகர்த்தி வச்சிருப்பாங்க. அப்படித்தானே, கிறிஸ்டினா?"

தலையை ஆட்டினால் போதும். அடுத்தவன் வயலில் நெல் அறுத்த கையால் அப்பா பாக்கியநாதன் அவளுடைய வெள்ளைக் கோட்டைத் துவைத்து, தெரு பார்க்கக் காயப்போடுவது ஞாபகம் வந்தது. தலை ஆடத்தான் பார்த்தது.

"நான்தான் சார் வச்சேன்" என்றாள்.

அன்றைக்கே வேலை போயிற்று, கேட்டில் கம்பெனி கார்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிச் செண்பகத்துக்கு அதற்குள் போன் வந்திருந்தது. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, யார் பண்ண வேலை என்று கேட்டாள். கிறிஸ்டினா எதையும் மறைக்காமல் சொன்னாள். செண்பகம் கையை விட்டுவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கப்பன் கைல இன்னான்னுடி சொல்லப்போற?" என்றாள் கடைசியில்.

பஸ் வந்தது. செண்பகம் முதலில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து கிறிஸ்டினாவுக்கு இடம் பிடித்தாள்.