காதுக்கு மட்டும்

என் அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பேச்சைத் தவிர எல்லாவற்றையும் ரிப்பேர் செய்வான். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகத்தான் சொல்கிறேன். அடித்தான், குடித்தான் என்று சொல்லிக்கொண்டு போக அண்ணிக்கு ஒரு காரணத்தைக்கூட அவன் கொடுக்கவில்லை. "செவத்தோட எத்தனை வருஷம்தான் குடும்பம் நடத்துறது, நீயே சொல்லு" என்று என்னிடம் கேட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? அந்தச் சுவரோடு வளர்ந்தவள் நான். இப்போது அது என் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளோடு போனில் பேசுவான். பேசுவான் என்பது ஒரு மரியாதைக்கு. "சாப்பிட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கிணற்றில் போட்ட கல். வர வர அந்த நாலு வார்த்தையும் தேய்ந்துகொண்டே வந்தது. பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது. இன்னும் கொஞ்ச நாளில் போனை எடுப்பதையே விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பது அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரம் போனில் அவன் மகள், அதாவது என் மருமகள், சொன்னாள்: "போன்ல என்னப்பா பேசுறது? நீங்க கேமுக்கு வாங்க. வெளையாடிக்கிட்டே பேசலாம். மின்மினின்னு தேடுங்க, அதுதான் நான். எங்க டீம் தொறந்துதான் இருக்கும், யாரு வேணா வந்து சேந்துக்கலாம்."

பிள்ளை ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள். இவன் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் போனில் அந்த கேம் ஏறவே இல்லை. என் வீட்டுக்காரரின் பழைய லேப்டாப்பில் ஏறியது, ஆனால் படம் ஒவ்வொன்றாக நின்று நின்று வந்து, கடைசியில் மொத்தமும் அணைந்தது. அதற்கென்று வலுவான கம்ப்யூட்டர் வேண்டுமாம். கடையில் தயாராக இருந்ததன் விலையைக் கேட்டுவிட்டு, "பார்ட்டா வாங்கி நானே மாட்டிக்கிறேன்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கடையில் எனக்கு மதியத்தோடு வேலை முடியும் நாட்களில், துணைக்கு நானும் போனேன். பார்ட்ஸ் கடைக்காரருக்குத் தடித்த கண்ணாடி. அவருக்கு சோடாபுட்டி என்று பெயர் வைத்தேன், நேரில் கூப்பிடவில்லை. அவர் அண்ணனைக் கண்டதும் முதலில் எடுத்து வைத்தது கலர் கலராக மின்னும் விசிறிகளைத்தான்.

"இது வெளிச்சம் போட்டா வேகமா ஓடுமா?" என்று கேட்டான் அண்ணன்.

"இல்ல. பாக்க நல்லா இருக்கும்."

"நான் பாக்க மாட்டேன்" என்றான்.

கையிலிருந்த காசுக்குள் எதை விடுவது, எதை விடக் கூடாது என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. "கரண்ட் சரியில்லன்னா மத்த எல்லாத்தையும் சேத்து எரிச்சிடும்" என்று நல்லதாகவே எடுத்தான். மூளை மாதிரி இருக்கும் பிராசஸரைப் போன வருஷத்து மாடலாக வாங்கினான். படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வாங்க வழியே இல்லை, செகண்ட் ஹேண்ட்தான். சோடாபுட்டி எடுத்துப் போட்ட ஒவ்வொரு கார்டையும் கருகல் வாசம் வருகிறதா என்று மோந்து பார்த்தான். பிறகு ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் விசிறி ஓரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டான். கம்ப்ரசரை அவன் அப்படித்தான் சோதிப்பான். கண்ணை மூடிக்கொண்டு, நோய் கேட்கிற டாக்டர் மாதிரி நின்றான்.

"என்ன சொல்லுது?" என்று சோடாபுட்டி சிரித்தார்.

"இது இந்த வருஷம் தாங்காது" என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தான். பொறுமையாக, ஒரு சாயங்காலம் முழுவதும். இவ்வளவு காது கொடுத்துக் கேட்கிற மனுஷனுக்குப் பேச மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கேபினெட் வாங்கவில்லை. யாரோ தூக்கிப்போட்ட குட்டி ஃபிரிட்ஜின் தகரத்தை வெட்டிப் பெட்டி செய்தான். சூட்டை எப்படி வெளியே தள்ளுவது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஞாயிறு மகளிடம், "கம்ப்யூட்டர் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் போனில் சொல்லிவைத்தான்.

கடைசியாக ஹெட்ஃபோன். சோடாபுட்டி இரண்டை வைத்தார். இரண்டும் ஒரே விலை. ஒன்றில் வாய்க்கு நேராக ஒரு மைக் நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டால் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. இன்னொன்றில் மைக் கிடையாது. ஆனால் மெத்தை மெத்தையான காது, சத்தம் சுத்தம். அண்ணன் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தான். மைக் இல்லாததைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அண்ணா, மைக் இருக்குறத எடு" என்றேன்.

"இதுதான் நல்லா கேக்குது."

"கேக்குறது சரி. பேச வேணாமா?"

"என்கிட்ட பேச என்ன இருக்கு? அவ பேசட்டும். எனக்குக் கேட்டா போதும். இதுல அவ குரல் தெளிவா கேக்கும்."

"யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறியே. தனி மைக் நான் வாங்கித் தரேன்."

"வேணாம்" என்றான். அவன் வேண்டாம் என்றால் தலைகீழாக நின்றாலும் வேண்டாம்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினான். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது திரை கருப்பாகவே கிடந்தது. திரையின் ஒயரைக் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தான். மாற்றியதும் வெளிச்சம் வந்தது. மெஷின் ஓடுவதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. அவன் சிரித்தான். நானும் ஒரு முட்டாள், எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

மெஷின் தயார் என்று சொல்ல மகளைக் கூப்பிட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் எடுக்கவில்லை. பரீட்சை என்று அண்ணி எனக்கு மெசேஜ் போட்டாள். மூன்றாவது ஞாயிறு மதியம், "இன்னைக்குப் போறேன்" என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தான்.

"நான் வரேன்னு அவளுக்கு ரெண்டு வரி எழுதிப் போட்டுட்டுப் போ."

"போய் நின்னா தெரியாதா? எம்பொண்ணு" என்றான்.

கேம் அவனிடம் பெயர் கேட்டது. ஒன்றும் போடாமல் அழுத்தினான். அதுவாகவே 'விருந்தாளி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டது. மின்மினியைத் தேடினோம். டீம் திறந்துதான் இருந்தது. ஹெட்ஃபோனின் ஒரு காதை அவன் வைத்துக்கொண்டு, மறு காதை எனக்குத் திருப்பிக் கொடுத்தான். தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம்.

எரிந்த வீடு ஒன்றின் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட பொம்மை குதித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்மினி. அவள் பேசிக்கொண்டிருந்தாள். கூட விளையாடுகிறவர்களைத் திட்டினாள், சிரித்தாள், ஏதோ டீச்சரைப் போலப் பேசிக் காட்டினாள், மூச்சு விடாமல். இத்தனை வார்த்தை அவளிடம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வெளையாடுறதுக்கு வந்திருக்க, கண்ணைத் தொற" என்றேன்.

அவளை நோக்கி நடக்கப் பார்த்தான். கை வரவில்லை. அவன் பொம்மை எரிந்த வீட்டின் சுவரில் முட்டிக்கொண்டு, கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றது.

"டேய், யாருடா இந்த விருந்தாளி? செவத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குறான்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மஞ்சள் சட்டை ஓடி வந்து எங்கள் முன்னால் நின்றது. "ஹலோ, கேக்குதா? மைக்ல பேசுங்க. யாரு நீங்க?"

"நான்தாம்மா" என்றான் அண்ணன். சத்தமாகச் சொன்னான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "அப்பா வந்திருக்கேம்மா. நான்தான்."

என் முன்னறைக்குக் கேட்டது. அவளுக்கு எப்படிக் கேட்கும்?

"பேச மாட்டேங்குறான். டீம்லேருந்து தூக்கிடவா?" என்று மற்றவர்களிடம் கேட்டாள்.

"எழுதுண்ணா, எழுது" என்று கத்தினேன். எழுதுவதற்கு எதை அழுத்த வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு விரலை நீட்டி எழுத்துகளுக்கு மேலே தேடிக்கொண்டிருந்தான். திரை மாறியது. டீமிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று வந்தது. காதில் சத்தம் நின்றுவிட்டது.

நான் எழுந்து பையை எடுத்தேன். "கடை தொறந்துதான் இருக்கும். மைக் வாங்கிட்டு வரேன்."

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி வைத்தான். "வாங்கி?"

"வாங்கிப் பேசுண்ணா."

"நான்தான்னு சொல்லுவேன்" என்றான். யோசித்தான். "அதுக்கப்புறம் என்ன சொல்றது?"

பையைக் கீழே வைத்தேன்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது அவளே போனை எடுத்தாள். சாப்பிட்டியா, ம். படிக்கிறியா, ம். போனைப் பிடுங்கி நானே சொல்லிவிடுவது என்று எழுந்தேன். அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான். "சொல்லாத. அப்பாவையே தூக்கிட்டோம்னு வருத்தப்படுவா."

பிறகு போனைக் காதில் வைத்தான். பக்கத்தில் நின்ற என் காதிலும் அவள் கேட்டது விழுந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர் என்னப்பா ஆச்சு? முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்றான் அண்ணன். "ஒரு பார்ட் கெடைக்கல."

"ம்" என்றாள்.