இந்திராதேவிக்குக் கலை வந்த மத்தியானம்

அம்மன் கோவில் பொங்கலன்று, மேளம் உச்சத்தில் முழங்கும்போதுதான் இந்திராதேவி ஆடத் தொடங்கினாள். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் கோவிலில் வாய்விட்டு ஒரு தேவாரம்கூடப் பாடாத மனுசி. இப்போது பார்த்தால் கை நடுங்குகிறது, தலை ஒரு பக்கம் சரிகிறது, முகத்தில் வியர்வை தாரை தாரையாக ஓடுகிறது, வாய் ஏதோ புலம்புகிறது. உயிலங்குளத்துச் சனம் சும்மா விடுமா?

"அம்மாளாச்சி வந்திட்டா! வழி விடுங்கோ!" என்று கோவில் தலைவர் யோகராசா கத்தினார். கத்துவதற்கு ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும் அவருக்கு.

யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. புருசன் சிவராசா நாலு முழம் தள்ளி நின்று, கண்ணீர் வழிய மனைவியைக் கும்பிட்டார். "காலபோக நெல்லு விதைப்புக்கு மழை வருமோ தாயே? வாக்குச் சொல்லு!" என்று யோகராசா கெஞ்சினார்.

லண்டனிலிருந்து வந்திருந்த தங்கச்சி தக்சிகாவுக்கும் முதலில் மெய்சிலிர்த்தது. எத்தனை வருசம் குளிர்தேசத்தில் இருந்தாலும் மேளம் மேளம்தானே. கும்பிட்டபடியே அக்காவின் கையைத் தொட்டாள். கை சில்லிட்டுக் கிடந்தது.

ஐயோ கடவுளே, அந்த ஊசி!

மூன்று கிழமைக்கு முன் தக்சிகா மெலிந்து வந்து இறங்கியதைக் கண்டதிலிருந்து அக்கா பிடித்த பிடியை விடவில்லை. "எனக்கும் போட்டுவிடடி. மகன்ரை கலியாணத்திலை நான் மட்டும் நெல்லு மூட்டை மாதிரி நிக்கிறதே?" தக்சிகாவுக்கு அந்த மெலியிற ஊசியை எழுதிக் கொடுத்தவர் ஒரு டொக்டர். இரத்தம் சோதித்து, ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் கொடுத்தார். அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது யார்? ஒருவருமில்லை. தன்னுடைய பேனை ஊசியிலேயே முனையை மட்டும் மாற்றிக் குத்திவிட்டாள் தக்சிகா. அக்காவுக்குச் சீனி வருத்தம் இருப்பதும், கிளினிக் குளிசை எடுப்பதும் அவளுக்குத் தெரியாதா என்ன? ஊசியும் சீனியைக் குறைக்கும்தானே, நல்லதுதான் என்று தானே டொக்டராகிவிட்டாள். படித்தவள் செய்கிற வேலையா இது!

ஊசி போட்டதும் பசி போய்விட்டது. பாதிச் சோற்றோடு எழும்பிய அக்கா, சில நாள் சத்தியும் எடுத்தாள். ஆனாலும் சட்டை தொளதொளத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கு விரதம் வேறு. விடிய வெறுந் தண்ணீரோடு சீனிக் குளிசையை விழுங்கியதைத் தக்சிகா தன் கண்ணாலேயே கண்டிருந்தாள்.

"அக்காவுக்குச் சீனி இறங்கிட்டுது!" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஓடிப்போய் மேளக்காரரின் கையையே பிடித்து நிறுத்தினாள். கோவில் திகைத்துப்போனது.

"என்ன பிள்ளை இது? அம்மாளோடை விளையாடாதை!" என்று யோகராசா சீறினார்.

"அம்மாள் வரேல்லை, ஐயா. நான்தான் இவவுக்குக் களவாய் மெலியிற ஊசி போட்டனான். இப்பிடியே விட்டால் அக்கா செத்துப்போவா!"

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. அத்தான் சிவராசாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தண்ணீர்ப்பந்தலில் இருந்த சர்பத்தைச் செம்போடு தூக்கி வந்து, அக்காவை நிமிர்த்தி இருத்தி, வாயில் வைத்தாள். "விழுங்கு அக்கா... கொஞ்சம் கொஞ்சமாய்." பாதி உள்ளே போனது, பாதி சீலையில் வழிந்தது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ஓட்டோவில் ஏற்றி முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

கையில் குளுக்கோஸ் ஏறி, அரை மணித்தியாலம் போனபின் அக்கா கண்ணைத் திறந்தாள். "எடியே, ஏன்டி என்ரை சீலை எல்லாம் பிசுபிசுக்குது?"

தக்சிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகவே வெடித்தன.

டொக்டர் அம்மா இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "இந்த ஊசி கெட்ட மருந்தில்லை. ஆனால் ஆளைப் பாத்துத்தான் குடுக்கிறது. சீனிக் குளிசையோடை சேந்தால் குளிசையின்ரை அளவைக் குறைக்கவேணும், பட்டினி கிடக்கவே கூடாது. அதோடை ஒருத்தற்றை பேனையை மற்றவருக்குப் போடுறதே? முனையை மாத்தினாலும் வருத்தம் தொத்தும். ரெண்டு பேரும் இரத்தம் சோதியுங்கோ. இப்ப ஆள் தப்பிட்டா, பயமில்லை."

அந்தப் பயமில்லை என்ற சொல்லைக் கேட்டதும் வாசலோடு சாய்ந்து நின்ற சிவராசா நிலத்திலேயே குந்திவிட்டார். தக்சிகா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், என்னைப் பேசுங்கோ. நல்லாய்ப் பேசுங்கோ."

"உன்னைப் பேச எனக்கு என்ன வாய் இருக்கு, பிள்ளை? அவள் கண்ணுக்கு முன்னாலை நடுங்கிறாள். கிட்டப் போய் என்னப்பா செய்யுது எண்டு ஒரு வார்த்தை கேட்டனானே? தள்ளி நிண்டு கும்பிட்டுக்கொண்டல்லோ நிண்டனான்." மனுசன் தேம்பித் தேம்பி அழுதார்.

கட்டிலில் கிடந்த இந்திராதேவி தலையைத் திருப்பினாள். "கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து இண்டைக்குத்தான் என்னைக் கும்பிட்டிருக்கிறியள். அதுக்கும் அழுறியளே? கும்பிட்டது போதும், கிட்ட வாங்கோ."

சிவராசா எழும்பினார். மூலையில் கிடந்த கதிரையை இழுத்து வந்து, கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.