ஜெபக்கூடத்துப் பெரட்டு

என் ஏட்டில் எங்கோ ஒரு பிழை இருந்தது. பொய் சொல்கிறவனுக்கு முழுப் பேரும், உண்மை சொல்கிறவளுக்கு அரைப் பேருமாக வாராவாரம் விழுந்துகொண்டிருந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

விளங்கச் சொல்கிறேன். 1956இல் இலங்கையில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் உபதேசியாராக இருந்தேன். அங்கே ஒரு நாளில் இருபத்தெட்டு ராத்தல் கொழுந்து நிறுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போடுவார்கள். குறைந்தால் அரைப் பேர். எல்லோருக்கும் பழகிய முறைதானே என்று, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களுக்கும் அதையே வைத்தேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு மாதிரி, ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில் ஒரு பெரட்டு. பத்துக் கட்டளைகளையும் கேட்பேன். பத்தும் காத்திருந்தால் முழுப் பேர். ஒன்று தவறினாலும் அரைப் பேர்.

"பத்தும் சரிங்க!" என்பான் மூக்கன். பக்கத்துக் காம்பரா வீட்டுக் கோழியை அவன் அமுக்கியது, தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரியும். ஆனால் சாட்சி கிடையாது. முழுப் பேர்.

"ஒம்பதுதாங்க," என்பாள் அம்மாக்கண்ணு. "மீனம்மா புதுச்சேலயப் பாத்து வயிறெரிஞ்சேன்." அரைப் பேர்.

இப்படியே பதினோரு வாரம். நுவரெலியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் ஞானஸ்நானம் கொடுக்கிற பாதிரியார் ஐயர் வருவார். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காக அம்மாக்கண்ணு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தாள். ஞாயிறு நெருங்கியபோது, "நான் வந்து நிக்க மாட்டேங்க," என்றுவிட்டாள். "அரைப் பேர்க்காரிய கர்த்தர் எதுக்குங்க சேத்துக்குவாரு?"

பத்தில் எட்டு போதும் என்று குறைத்துப் பார்த்தேன். சிரித்தாள். "தராசு முள்ள வளைச்சா கொழுந்து கூடிருமாங்க?"

சனிக்கிழமை பின்னேரம் கடைசியாக ஒரு தடவை பேசிப்பார்க்கலாம் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். அந்த வாரம் அம்மாக்கண்ணுவுக்குக் காய்ச்சல். கூடை முக்கால்தான் நிறைந்திருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற மீனம்மா சட்டென்று திரும்பி, தன் கூடையிலிருந்து மூன்று தடவை அள்ளி அதில் போட்டாள். காய்ச்சல்காரிக்கு அடுத்த நிரையில் பறிக்கிறவள் கொழுந்து போடுவது அங்கே வழக்கம். கணக்கப்பிள்ளையும் தடுக்கவில்லை. தராசில் தூக்கினார்கள். முள் இருபத்தெட்டில் நின்றது.

"முழுப் பேர்!" என்றார் கணக்கப்பிள்ளை.

"வாங்கிக்கக் கூச்சமா இல்லையா?" என்று அம்மாக்கண்ணுவைக் கேட்டேன்.

"எதுக்குங்க கூச்சம்? குடுத்தது மீனம்மா. தலைய நிமித்திக்கிட்டுத்தான் வாங்குவேன்."

"அடியே, எஞ்சேலயப் பாத்து வயிறெரியாம இரு, அதுவே போதும்!" என்றாள் மீனம்மா.

நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். முள்ளை யாரும் வளைக்கவில்லை. ஒரு ராத்தலும் தள்ளிக் கொடுக்கவில்லை. இருபத்தெட்டும் உண்மையாகவே கூடையில் இருந்தது. பறித்த கைதான் வேறு.

"அம்மாக்கண்ணு, பத்தையும் முழுசாக் காத்தவரு ஒருத்தர்தான். நம்ம குறைக்காக அவரு சிலுவையில உயிரையே குடுத்திருக்காரு," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இம்புட்டு நாளா அவரு அள்ளிப் போடப் போட, எங்கூடைக்கு நீங்கதான் மூடி போட்டு வச்சிருந்தீங்களா, உபதேசியாரே?"

மடுவமே சிரித்தது. ஏட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட மூக்கன், "பெரட்டே இல்லையா? அப்ப இனிமே இஷ்டம்போல இருக்கலாமா?" என்றான்.

அம்மாக்கண்ணு திரும்பினாள். "மீனம்மா கொழுந்து போட்டுச்சேன்னு நான் கையக் கட்டிக்கிட்டு நிப்பேனா? நாளைக்கு இன்னும் வெரசாத்தான் பறிப்பேன்."

யாரும் கேட்காமலே மூக்கன், "கோழிய நாந்தாங்க எடுத்தேன்," என்றான்.

அம்மாக்கண்ணு வெள்ளைச் சேலையில் ஞானஸ்நான வரிசையின் முதல் ஆளாக நின்றாள். துரை வீட்டுப் பெண்கள்கூட அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

பிழை இதுதான்: கட்டளை ஒரு தராசு. அது குறையைக் காட்டும், நிரப்பாது. அதை வைத்தே ஆட்களை நிரப்பப் பார்த்தேன்; அதனால் குறையை மறைத்தவன் ஜெயித்தான். நிரப்புகிறவர் கிறிஸ்து. அது தெரிந்துவிட்டால் குறையை மறைக்க யாருக்கும் அவசியமில்லை. கூடையைத் திறந்து பிடித்தால் போதும்.