சீரகம் போடக் கூடாது

ஊருக்குள்ளேயே நல்ல மளிகைக் கடை இருக்கும்போது, ரோவெனா டக்கெட் வண்டியை எடுத்துக்கொண்டு சான் ஆஞ்சலோ வரைக்கும் வந்து, கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் டப்பா உணவு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மிளகாயில் வேகவைத்த இறைச்சிக் குழம்பான சில்லி, முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை டப்பா டப்பாவாக அடுக்கப்பட்டிருந்தது. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். தண்ணீர்க் குடம் மாதிரி சத்தம் வந்தது. திரும்ப வைத்தாள். இன்னொன்றின் பின்பக்கத்தைப் படித்தாள். இறைச்சிக்கு முன்னால் தண்ணீரின் பெயர் போட்டிருந்தது. அதையும் வைத்தாள். சத்தம் வராத, முதலில் இறைச்சி என்று எழுதியிருந்த டப்பாக்களாகப் பார்த்துக் கடைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துணி சோப்புப் பெட்டியை வைத்து மறைத்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

"என்ன அம்மணி, நாயி வளக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

டுவெய்ன். ஊரில் முப்பது வருடம் கறிக்கடை வைத்திருந்தவர். இப்போது ரோவெனா கலந்துகொள்ளும் ஒவ்வொரு சில்லிச் சமையல் போட்டியிலும் நடுவர். சோப்புப் பெட்டியின் ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஆமா டுவெய்ன். பெரிய நாயி."

"அதுக்கும் பயறு போடாததா பாத்து வாங்குங்க. டெக்சஸ் நாயாச்சே, சொரணை இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரோவெனாவுக்கு மட்டும் காது மடல் எரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டதற்காக அல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லப் போய், அந்தப் பெண்ணை நாய் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்றுதான்.

அந்தப் பெண் மேரன். ரோவெனாவின் கணவன் ராய்ஸுக்கு முதல் மனைவி மூலம் பிறந்தவள், பதினாலு வயது. சின்சினாட்டியில் அம்மாவோடு இருந்தாள். கோடையில் அம்மா கிம் இறந்துபோக, ஒரு பெட்டியும் ட்ரோம்போன் என்கிற நீளப் பித்தளைக் குழலுமாக இங்கே வந்து இறங்கினாள். ராய்ஸ் எண்ணெய் வயலில் லாரி ஓட்டுகிறான். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. ஆகவே பெரும்பாலான நாட்களில் அந்த வீட்டில் இருந்தது ரோவெனாவும், மேரனும், இருவருக்கும் நடுவில் ஆறிப்போகும் ஒரு தட்டும்தான். பெண் சாப்பிடவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. "தேங்க்ஸ், ரோவெனா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு முள்கரண்டியால் உணவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள், இடுப்பில் பாவாடை நிற்கவில்லை என்று. கிம்மின் தங்கை ஜோடி, நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு வருவதாகவும் இங்கே ஒத்துவரவில்லை என்றால் பெண்ணைக் கையோடு கூட்டிப் போவதாகவும் ராய்ஸிடம் சொல்லியிருந்தாள். ராய்ஸும், "புள்ள எங்க நல்லா இருக்கோ அங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். நியாயமான பேச்சுதான். ரோவெனாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் அவளுக்கே முதலில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை இல்லாதவள், நாற்பத்தாறு வயது, வேண்டாத சுமை இறங்கினால் நல்லதுதானே என்று அவளுடைய சொந்த அக்காவே சொன்னாள். ஆனால் தினமும் மாலையில் கார் கொட்டகைக்குள் அந்தப் பெண் ட்ரோம்போன் ஊதுவாள். வயிற்றுவலி வந்த எருமை மாதிரி இருக்கும். ஒருநாள் ஒத்திகை என்று பள்ளியிலேயே தங்கிவிட்டாள். அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோவெனாவுக்கு வீடு செத்துக் கிடப்பதுபோல் பட்டது. அந்த எருமைக் கத்தல் தனக்கு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். தெரிந்த பிறகு அவள் விடுகிற ஆள் இல்லை.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லு கண்ணு. எதுன்னாலும் செஞ்சு தர்றேன்."

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு மேரன் சொன்னாள்: "சில்லி."

ரோவெனாவுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் வரிசையாக ஆறு வெற்றிக் கோப்பை நிற்கிறதே, அதெல்லாம் சில்லிப் போட்டியில் வாங்கியதுதானே? நான்கு வகைக் காய்ந்த மிளகாயை வறுத்து ஊறவைத்து அரைத்து, மாட்டு நெஞ்சுக்கறியைக் கையால் வெட்டி, காலையில் அடுப்பில் ஏற்றியதைச் சாயங்காலம்தான் இறக்கினாள். பயறு ஒன்றுகூட இல்லை. அந்த ஊரில் சில்லியில் பயறு போடுவது கல்யாணப் பந்தியில் பழையசோறு வைப்பதற்குச் சமம். மேரன் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"நல்லாருக்கு. ஆனா இது சில்லி இல்லையே."

ஆறு கோப்பையும் ஃப்ரிட்ஜ் மேலிருந்து கீழே விழுந்து உருண்ட மாதிரி இருந்தது. அன்றிரவு போனில் ராய்ஸ்தான் விஷயத்தைச் சொன்னான். "கிம் டப்பாவத் திறந்துதான் போடுவா, ரோ. சிட்டி பஸ் ஓட்டிட்டு வந்து எவ சமைப்பா?" என்ன டப்பா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?" என்றான். ஆண்பிள்ளையிடம் கேட்டால் இவ்வளவுதான் கிடைக்கும்.

இப்படித்தான் அவள் சான் ஆஞ்சலோவுக்குப் போனாள். கொண்டுவந்த டப்பாக்களை மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒவ்வொன்றாக ருசி பார்த்தாள். ஒன்றின் மேல் ஆரஞ்சுக் கொழுப்பு விரல் கனத்துக்கு உறைந்திருந்தது. ஒன்றில் பயறு கூழாகி இறைச்சி எது, பயறு எது என்று தெரியவில்லை. ஒன்றில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒன்று, டுவெய்ன் சொன்னது சரிதான், நாய்க்குத்தான் லாயக்கு. கடைசியில் ஒன்று தேறியது. இறைச்சி துண்டாகப் பல்லில் பட்டது, காரம் சற்றுத் தாமதமாகத் தொண்டையில் வந்து நின்றது. மூடாமல் சிறுதீயில் கொதிக்கவிட்டதும் தகர வாடையும் போய்விட்டது. டப்பா என்றாலும் மானம் உள்ள டப்பா என்று அதைத் தேர்ந்தெடுத்தாள்.

முதல்நாள் சோளச் சிப்ஸ் பையைப் பக்கவாட்டில் கிழித்து, உள்ளேயே சில்லியை ஊற்றி, பச்சை வெங்காயமும் சீஸும் தூவிக் கொடுத்தாள். மேரன் சில்லி படாத சிப்ஸாகப் பொறுக்கித் தின்றாள். மறுநாள் சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அதன் மேல் ஊற்றினாள். கிழங்கின் தோல் மட்டும் காணாமல் போயிருந்தது. பன்னுக்குள் சாசேஜ் வைத்து மேலே ஊற்றியபோது சாசேஜை உருவிக்கொண்டு பன்னை விட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் "தேங்க்ஸ், ரோவெனா" மட்டும் தவறாமல் வந்தது. அந்த மரியாதையைக் கேட்கக் கேட்க ரோவெனாவுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல். ரோவெனா சின்சினாட்டிக்கே, ஜோடிக்குப் போன் போட்டாள்.

"உங்க அக்கா என்ன டப்பா வாங்குவாங்க?"

 ஜோடி திருப்பிக் கேட்டாள்: "ஏங்க, நீங்க கப்பு வாங்குன சில்லி அவளுக்கு எறங்கலியா?"

"எறங்கல."

"அந்த நீல டப்பாதான். அது எங்க ஊரு சரக்கு, அங்கெல்லாம் கெடைக்காது. நான்தான் வர்றேனே. கூட்டிட்டு வந்து இங்கயே வயிறாரப் போட்டுக்கறேன்."

"கூட்டிட்டுப் போறத அப்புறம் பேசுவோம். அவ இப்ப சாப்பிடணும். அனுப்புங்க."

ஜோடி அனுப்பினாள். எப்படிப் பரிமாறுவது என்றும் சொன்னாள். ஸ்பகெட்டியை அவித்துத் தட்டில் பரப்பி, மேலே சில்லி, அதற்கு மேலே துருவிய சீஸ் மலைபோல. கலக்கக் கூடாது. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். ரோவெனா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள், கடைசி வாக்கியத்தைத் தவிர.

பெட்டி வந்த அன்று ஒரு டப்பாவைத் திறந்து ருசி பார்த்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இறைச்சி சேறு மாதிரி அரைபட்டிருந்தது. நீர்த்துக் கிடந்தது. அதில் பட்டை வாசனை, கிராம்பு வாசனை, ஏதோ கிறிஸ்துமஸ் கேக் மாதிரி. மிளகாய் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் செய்தது. இதைப் போய் ஒரு குழந்தைக்கு அப்படியே கொடுப்பதா? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். சமைத்த கை மட்டும் இருக்குமா? சீரகம் அரைக் கரண்டி போனது. வறுத்த மிளகாய்ப் பொடி ஒரு சிட்டிகை. கொஞ்சம் வினிகர். இப்போது கொஞ்சம் மனுஷர் தின்கிற மாதிரி ஆயிற்று என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள்.

தட்டைப் பார்த்ததும் மேரனின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை. பெண் அவசரமாக ஒரு வாய் எடுத்து வைத்தாள். தாடை நின்றது.

"இதுல என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் சீரகம். அவ்வளவுதான் கண்ணு, ருசியா இருக்கட்டும்னு…"

"யாரு ருசியா இருக்கணும்னு கேட்டா?" மேரனின் குரல் உடைந்தது. "எங்கம்மா ஒண்ணும் போடமாட்டா. டப்பாவத் திறப்பா, சூடு பண்ணுவா, அவ்வளவுதான். எப்ப சாப்பிட்டாலும் ஒரே ருசி. அவ செத்தப்புறமும் அதே ருசிதான். அது ஒண்ணுதான் மாறாதுன்னு நெனச்சேன். அதையும் மாத்திட்டீங்க!"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அன்று ட்ரோம்போன் சத்தம் இல்லை.

ரோவெனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தபாலில் தருவித்து, ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் செய்து, இதற்குத்தானா இத்தனை பாடு? வெளியே போய் வண்டியின் மேல் சாய்ந்து நின்றாள். நிற்க நிற்கக் கோபம் வடிந்து துக்கம் வந்தது. தன் அம்மா செய்த பீச் பழப் பணியாரத்தை எத்தனை தடவை செய்து பார்த்திருப்பாள்! அதே மாவு, அதே பழம். ஒரு நாளும் அம்மாவின் கைமணம் வந்ததில்லை. அந்தக் கையோடு அது போயிற்று. இந்தப் பெண்ணுக்கு மட்டும் அம்மாவின் கைமணம் ஒரு டப்பாவுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற மாதிரி. அதில்தான் ரோவெனா அரைக் கரண்டி சீரகத்தைக் கொட்டினாள். கண்ணீர் வந்தபோது துடைக்கவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மேரன் பள்ளிவிட்டு வந்து சமையலறையில் தண்ணீர் குடிக்க நின்றபோது, அடுப்புக்கு மேலிருந்த அலமாரி மொட்டையாக இருந்தது.

"உங்க மசாலா எல்லாம் எங்க?"

"ஜெயில்ல. கொட்டகைக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன்."

"என்ன தப்பு பண்ணுச்சு?"

"கூப்பிடாத எடத்துக்குப் போச்சு." ரோவெனா ஒரு நீல டப்பாவையும் திறப்பானையும் மேஜையில் வைத்தாள். "எனக்கு இது செய்யத் தெரியல கண்ணு. நேத்து பண்ணது தப்பு, நல்லாத் தெரியும். நீ காட்டிக் குடு. நான் தொடமாட்டேன்."

மேரன் டப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். ஸ்பகெட்டியைப் போட்டுவிட்டு அது பசையாகும் வரை போனை நோண்டிக்கொண்டு நின்றாள். ரோவெனாவுக்குக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். "அம்மாவும் எப்பவும் கொழைய விட்டுருவா," என்றாள் மேரன், திரும்பாமலே. சில்லியை ஊற்றினாள். சீஸைத் துருவி மலையாகக் குவித்தாள். இரண்டு தட்டு. ரோவெனா முள்கரண்டியால் ஸ்பகெட்டியைச் சுற்றப் போனாள்.

"சுத்தாதீங்க! முள்கரண்டியால வெட்டித்தான் சாப்பிடணும். எங்க ஊர்ல பாத்தா சிரிப்பாங்க."

"இந்த ஊர்ல நான் இதச் சாப்பிடறதப் பாத்தா நாடு கடத்திருவாங்க."

வெட்டினாள். சாப்பிட்டாள். மேரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டுவெய்னிடம் சொன்ன மாதிரி சுலபமான பொய். ரோவெனா அதை விழுங்கினாள்.

"இல்ல கண்ணு. நல்லாவே இல்ல."

மேரன் சிரித்தாள். வாயில் இருந்ததைச் சிந்தாமல் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "அம்மாகூட நல்லாருக்குன்னு சொன்னதே இல்ல. சீக்கிரம் ஆயிரும்னுதான் சொல்லுவா." சொல்லிவிட்டுத் தட்டை வழித்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். ரோவெனா மூச்சு விடாமல் அந்த இரண்டாம் தடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. மேரனின் கையெல்லாம் சீஸ். முழங்கையால் அமுக்கி, ஸ்பீக்கரில் பேசவிட்டாள்.

"மேரனு, அடுத்த வியாழக்கெழம வந்துருவேன்." ஜோடியின் குரல். "தடிச்ச கோட்டா எடுத்து வச்சுக்க, இங்க இப்பவே பனி கொட்டுது. டப்பா வந்துச்சா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டு இருக்கேன். சித்தி, வர்றப்ப இன்னொரு பெட்டி கொண்டாங்க."

ஜோடி விடவில்லை.

"எதுக்குடி? இங்க வந்தா கடை பூரா அதானே இருக்கு?"

ரோவெனா எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் ஸ்பகெட்டியை வெட்டும் சத்தம், முள்கரண்டி தட்டில் இடித்து இடித்துக் கேட்டது.

"ரெண்டு பெட்டியாவே கொண்டாங்க சித்தி," என்றாள் மேரன் வாய் நிறைய.

யாரும் கேட்காமலே ரோவெனா சீஸ் கட்டியை எடுத்துத் துருவ ஆரம்பித்தாள். கிண்ணம் நிறைந்து, மேஜை விளிம்பெல்லாம் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தது.