முக்கால் பங்கு எச்சரிக்கை

புருஷனை விட்டுப் போவது எப்படி என்று தையல்காரி தன் போனில் தேடிய மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவள் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வியாபாரியும் ஒரு வக்கீலும் தனி அறை பிடித்துக் கொடுக்கும் தரகரும் வரிசையாக வந்து நின்றார்கள். அந்த ஊரில் அது வழக்கம்தான். செருப்பைத் தேடினால் செருப்புக்காரன் வருவான். மூலத்துக்கு மருந்து தேடினால் களிம்புக்காரன் தெருவே கேட்க விசாரித்துக்கொண்டு வருவான். அன்றைக்குக் கதவைத் திறந்தவன் புருஷன். தையல்காரியின் இடது மணிக்கட்டு உடைந்தது.

மாவுக்கட்டோடு அவள் வந்து நின்ற இடம் கம்ப்யூட்டர் சென்டர். அதை நடத்தியவளை ஊரே டிகிரிக்காரி என்றுதான் கூப்பிட்டது. குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வாயும் அதற்கேற்ற நீளம். எதையும் நினைவில் வைக்காத பிரௌசர் ஒன்றை ஆறு கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருந்தாள். "இதுல தேடுக்கா, ஒரு பய வாசலுக்கு வரமாட்டான்" என்றாள். வரவில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது: அதில் தேடியவர்களின் கால்தடம் தரையில் விழாமல் போனது. நாலாம் நாள் கொட்டுகிற மழையில் தையல்காரி கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புருஷன் சேற்றைக் குனிந்து பார்த்தபடியே பஸ் ஸ்டாண்ட் வரை ஓடினான். அவன் தடம் மட்டும்தான் இருந்தது.

அவனும், அவனைப் போலவே பெண்டாட்டியைத் தொலைத்த பதினோரு புருஷன்களும், மகளைத் தொலைத்த நான்கு அப்பாக்களும் மனுக் கொடுத்தார்கள். நினைவில் வைக்காத பிரௌசர்களை அரசு சிகரெட்டோடும் சாராயத்தோடும் சேர்த்து, சமூகத் தீங்குப் பொருள் என்று பட்டியலிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி புருஷனையும் கூட்டிக்கொண்டே வந்தார். தையல்காரி போன ஊர் டிகிரிக்காரிக்குத் தெரியும். பஸ் நேரம் எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

"எந்த ஊருன்னு சொல்லிடும்மா. இல்லன்னா லைசென்ஸ் போயிடும். படிச்ச பொண்ணு, குடும்பத்தைக் கெடுக்கலாமா?"

"பக்கத்துக் கடையில சிகரெட்டு விக்கிறாங்களே சார், வாங்கினவன் எங்க போனான்னு கேப்பீங்களா? ஒரே சட்டம்தானே? அதுக்குப் போடுற எச்சரிக்கைப் படத்தை எனக்கும் குடுங்க, மாட்டிக்கிறேன்."

"திமிரைப் பாத்தீங்களா சார்!" என்றான் புருஷன்.

"ஆமா, அரியர் இல்லாம பாஸ் பண்ண திமிரு."

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அவள் சொன்னதே சரி: பட்டியலில் உள்ள பொருளை எச்சரிக்கையோடு விற்கலாம், வாங்குகிறவரைப் பற்றிக் கேட்க வழியில்லை. கடை முகப்பில் முக்கால் பங்கை மறைக்க வேண்டும் என்ற விதிப்படி ஒரு வாரத்தில் பலகை வந்து இறங்கியது. மேலே மண்டையோடு, கீழே ஆளுயரச் சிவப்பு எழுத்து: 'எச்சரிக்கை! இதைப் பயன்படுத்துவோரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.' டிகிரிக்காரி தானே ஏணியில் ஏறி ஆணி அடித்தாள். மறுநாள் பெண்கள் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. அதிகாரியின் மனைவி எட்டாவதாக நின்றாள்.

பலகையைக் கழற்ற அனுமதி கேட்டு அதிகாரி மூன்று முறை எழுதினார். எச்சரிக்கையை அகற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்று மூன்று முறையும் பதில் வந்தது. ஒன்பது வருஷம் கழித்து அந்தத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டார்கள். காயும்வரை தடுப்பு வைக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டார்.

"பொம்பளைங்க நடந்தா நடக்கட்டும். ஆம்பளைங்களை மட்டும் சுத்திப் போகச் சொல்லு" என்றார் இன்ஜினியர்.